மாநிலம் என்ற கட்டம்

காரைக்காலில் குடியிருப்பவனுக்குப் படிவம் நிரப்புவதிலேயே பாதி ஆயுள் போய்விடும். பெயர் எழுதலாம், தெரு எழுதலாம், 609 என்று தொடங்கும் பின்கோடும் எழுதலாம். அதற்கடுத்து மாநிலம் என்று ஒரு கட்டம் வரும். புதுச்சேரி என்று போட்டால், பின்கோடு தவறு என்று சிவப்பு எழுத்தில் கத்தும். பின்கோடைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும் படிவமாக இருந்தால், நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் தமிழ்நாடு என்று போட்டுக்கொள்ளும். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள். எங்களை ஆளும் புதுச்சேரிக்குப் போவதென்றால் தமிழ்நாட்டுக்குள்ளேயேதான் பஸ்ஸில் மணிக்கணக்காகப் போக வேண்டும். இதையெல்லாம் ஒரு படிவத்துக்கு யார் உட்கார்ந்து புரியவைப்பது? மனிதர்களுக்கே புரியவைக்க முடியவில்லை.

அதனால் ஊரில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். தமிழ்நாடு என்று போட்டுத் தொலைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

எனக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் ஒரு கடை. தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர். எல்லோர் கையிலும் போன் வந்ததும் பிரவுசிங் செத்துப்போய், இன்றைக்கு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ என்று ஓடுகிறது. கூடவே ஒரு வேலை: வெப்சைட் முகவரி எடுத்துக் கொடுப்பது. அரிசி ஆலை, டிராவல்ஸ், டியூஷன் சென்டர், வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் என்று ஊரில் பலருக்கு முகவரி எடுத்துக் கொடுத்தது நான்தான். முகவரியின் வாலில் நம் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்குமே, அந்த வகை. நாட்டுக்கு மொத்தமாக அவற்றைக் கையில் வைத்திருப்பது தலைநகரில் இருக்கும் பதிவகம். பதிவகத்திடமிருந்து வாங்கி விற்பது ஒரு கம்பெனி. கம்பெனியிடமிருந்து வாங்கி விற்பது நான். இந்த வரிசையில் என் இடம் எது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அத்தனை முகவரிக்கும் உரிமையாளர் விவரத்தில் மாநிலம் தமிழ்நாடு. அத்தனை பேருடைய ஆதார் அட்டையிலும் புதுச்சேரி. பல வருடங்களாக அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

லாத்தாவின் முகவரியும் அதில் ஒன்று. லாத்தா என்பது அவர் பெயரில்லை. அக்கா என்பதற்கு அந்தத் தெருவில் சொல்லும் சொல், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வீட்டிலேயே முறுக்கும் பணியாரமும் சுட்டு, டப்பாவில் அடைத்து வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வியாபாரத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் என் கடைக்கு வந்தான். உம்மா பெயரில் முகவரி எடுத்து, அவனே பக்கங்களை வடிவமைத்து, அதே முகவரியின் வாலோடு உம்மாவின் பெயருக்கு ஒரு மெயிலும் போட்டுக் கொடுத்தான். படிவத்தை நிரப்பியது நான். "அண்ணே, மாநிலம் தப்பா இருக்கே" என்று அன்றைக்கே கேட்டான். "போடா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அவன் வாயை அடைத்தேன்.

படிப்பு முடிந்ததும் வாப்பாவுக்கும் அவனுக்கும் சண்டை. வாப்பா சொன்ன கடையில் போய் உட்கார மாட்டேன், வாப்பா பார்த்த பெண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். போனவன் போன்கூடச் செய்யவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, நோன்புப் பெருநாளன்று, உம்மாவின் அந்த மெயிலுக்கு ஒரு வரி வரும். "உம்மா, சலாம். நல்லா இருக்கேன். சாப்பிடுறேன்." தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பான். லாத்தாவுக்கு அது படிக்க வராது. அதனால் பெருநாள் அன்று மூன்று மணிக்கு நான் லேப்டாப்போடு அவர் வீட்டுக்குப் போவதும், சாப்பிட்டுவிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு தடவை படிக்கச் சொல்வார். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்படுவார், நானாகவே படித்துவிடுவேன்.

பதில் போடுவோம். அது போய்ச் சேருமா என்பது அல்லாவுக்கு வெளிச்சம். ஒவ்வொரு முறையும் அவன் எழுதுவது அந்தந்தக் கப்பலின் பொது மெயிலிலிருந்து. கப்பல் மாறினால் அதுவும் மாறிவிடும். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்ததை எழுதினோம். அடுத்த பெருநாளுக்கு வந்த வரியில், "வாப்பாவுக்காக துஆ செய்றேன்" என்று இருந்தது. அது ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரிந்த பதில். லாத்தாவின் புதிய போன் நம்பரையும் எழுதிப் பார்த்தோம். அவன் கூப்பிடவில்லை. கோபமா, கூச்சமா, எனக்குத் தெரியாது.

வாப்பா போனபின் பழைய வீட்டை விட்டுவிட்டு லாத்தா மகள் வீட்டோடு வந்துவிட்டார். மூட்டு வலி, பலகாரமும் நின்றுபோனது. வெப்சைட்டில் இன்றைக்கும் பழைய முறுக்குப் படம்தான் இருக்கிறது. "சுடாத முறுக்குக்கு எதுக்கும்மா வெப்சைட்டு?" என்று மகள் வருடா வருடம் கேட்பார். லாத்தா வருடா வருடம் என்னிடம் வந்து புதுப்பித்துவிட்டுப் போவார். அவனுக்குத் தெரிந்த வீடு இப்போது இல்லை, தெரிந்த போன் நம்பர் இல்லை. அந்த ஒரு மெயில்தான் இருக்கிறது. அதை விட அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இந்த நிலையில்தான் பதிவகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. பொய் விவரம் கொடுத்து முகவரி வாங்கி மோசடி செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், ஆகவே உரிமையாளர் விவரம் அடையாள அட்டையோடு அப்படியே பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் திருத்தும்வரை முகவரி நிறுத்தி வைக்கப்படும். விதியில் தப்பு சொல்ல முடியாது. போலி வங்கிப் பக்கத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு என் கடையில் வந்து அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் பொய் விவரக்காரர்கள், அந்தப் பொய்யை அடித்தது என் விரல்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். மாநிலத்தைத் திருத்தப் பார்த்தால் உங்கள் படிவம் பின்கோடைக் காட்டி மறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டேன். "விதி இன்னும் வரைவுதான் சார். பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்குது, அங்க சொல்லுங்க" என்றார்கள்.

கருத்துக் கேட்பு என்று சொன்னதும் எனக்குச் சலிப்புத்தான் வந்தது. இதற்கு முன் இரண்டு வரைவுக்கு எழுதியிருக்கிறேன். நாற்பது பக்க ஆங்கிலத்தை மண்டை காயக் காயப் படித்து, கருத்தை எழுதி அனுப்பினால், பெற்றுக்கொண்டோம் என்று இயந்திரம் ஒரு பதில் போடும். அதோடு சரி. யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றார்கள், எதைக் குப்பையில் போட்டார்கள், ஒன்றும் வெளியே வராது. ஒரு நாள் விதி வந்துவிடும். நாட்டின் முகவரிப் புத்தகத்தையே வைத்திருக்கிறவர்கள் நான்கு கடிதத்தை வெளியே காட்டக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இருந்தாலும் இந்த முறை எழுதாமல் இருக்க முடியாது.

எழுதுவது எப்படி என்பதில்தான் என் ஊர்ப் புத்தி வேலை செய்தது. நெடுங்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதற்காக விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நானும் போவேன். அங்கே எழுந்து நின்று, தண்ணீர் வரவில்லை என்று பொதுவாகப் பேசினால் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "எந்த வாய்க்கால், எந்த மதகு, யார் வயல்? அதச் சொல்லுங்க முதல்ல" என்பார். ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாளே நாங்கள் பேசி வைத்துக்கொள்வோம். கடைமடையில் இருப்பதிலேயே ரொம்பக் காய்ந்துபோன வயல் எது என்று பார்த்து, அந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அவர் பெயரையும் சர்வே நம்பரையும் சொல்வோம். மறுநாள் மதகு பார்க்கும் லஸ்கர் நேரே அங்கேதான் வருவார். யார் பெயரைச் சொன்னோமோ அவர் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். அது எங்கள் பக்கத்து மரியாதை. பெயர் கொடுக்க யாரும் தயங்கியதில்லை, என் பெயரைச் சொல்லுங்கள் என்று போட்டி போடுவார்கள்.

அந்தப் பழக்கத்தில் லாத்தா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மெயில் நின்றுவிடும் என்றதும் அவர் முகம் மாறியது.

"நின்னுடுமா? என்னா தம்பி சொல்றீங்க?"

"நிக்காம இருக்கத்தான் லாத்தா எழுதப் போறேன். சும்மா எழுதுனா ஏறாது. ஒருத்தரக் காட்டிச் சொல்லணும். ஒங்க முகவரியக் காட்டட்டுமா?"

"அதுல என்னா இருக்கு, காட்டுங்க. ஒளிச்சு வைக்க என்கிட்ட என்னா இருக்கு?"

"மொதத் தண்ணி ஒங்க வயலுக்குத்தான்" என்று நான் சொல்ல, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வயலே இல்லாத வீடு அது.

எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி, என் ஆங்கிலத்தில் எழுதினேன். காரைக்கால் எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கினேன். பின்கோடு, மாநிலக் கட்டம், எல்லாம் விளக்கினேன். எடுத்துக்காட்டாக லாத்தாவின் முகவரியை முழுதாகக் கொடுத்து, இவருடைய அடையாள அட்டையில் புதுச்சேரி, உங்கள் பதிவில் தமிழ்நாடு, இந்தத் தவறான விவரத்தைப் பதிந்தவன் நான், எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எழுதினேன். முடிவில் மூன்று கோரிக்கை. எங்கள் பின்கோடுக்குப் புதுச்சேரியை ஏற்க வேண்டும். அதுவரை எங்கள் முகவரிகளை நிறுத்தக் கூடாது. வந்த கருத்துகள் அனைத்தையும், பதிவகத்தின் பதிலோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூன்றாவதைத்தான் ரொம்ப அழுத்தி எழுதினேன். ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்று அரைப் பக்கம் முழங்கியிருந்தேன். இன்றைக்கு அதைப் படித்தால் கூசுகிறது.

பிறகு வீடியோவில் ஒரு திறந்த கூட்டம் வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். பெரிய பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் பேசினார்கள். என் முறை வந்தபோது முதல் அரை நிமிடம் மைக் மூடியிருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஷட்டருக்கு வெளியே ஒருவர் "அண்ணே, ஜெராக்ஸ் உண்டா?" என்று கத்தியது மட்டும் நாடு முழுக்கக் கேட்டிருக்கும். காரைக்கால் என்ற பெயரை நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்தியவர், "குறித்துக்கொண்டோம், நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. பதிவகம் கருத்துகள் அத்தனையையும் வெளியிட்டது. சிறியது பெரியது பார்க்காமல், ஒரு வரி வெட்டாமல், பக்கத்தில் தங்கள் பதிலோடு. என் கோரிக்கைகளைத் தேடிப் பார்த்தேன். முதலாவதுக்கு எதிரே "பரிசீலனையில்" என்று இருந்தது. இரண்டாவதுக்கும் "பரிசீலனையில்". மூன்றாவதுக்கு எதிரே "ஏற்கப்பட்டது".

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். அவர்கள் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இத்தனை வருடத்தில் ஓர் அலுவலகம் என் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறது என்று நினைக்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

விதியும் நடைமுறைக்கு வந்தது. திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்திருந்தார்கள், நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

நோன்பு மாதத்தின் கடைசி வாரம், பெருநாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வழக்கம்போல லாத்தாவின் மெயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க என் மெயிலிலிருந்து ஒரு சோதனை வரி அனுப்பினேன். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. வெப்சைட்டைத் திறந்தேன். முறுக்குப் படம் இல்லை. வெறும் வெள்ளை. கம்பெனியிலிருந்து முந்தின நாளே ஓர் அறிவிப்பு வந்திருந்தது, நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பொதுவில் வெளியான ஓர் ஆவணத்தின்படி இந்த முகவரியின் உரிமையாளர் விவரம் பொருந்தவில்லை எனத் தெரியவந்துள்ளது, ஆகவே நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆவணத்தின் பக்க எண்ணையும் கொடுத்திருந்தார்கள். அது நான் எழுதியது.

என் பட்டியலில் இருந்த மற்ற முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அரிசி ஆலை ஓடியது. டிராவல்ஸ் ஓடியது. எல்லாம் அதே பொய்யோடு ஜாம் ஜாம் என்று ஓடிக்கொண்டிருந்தன. நின்றது லாத்தாவுடையது ஒன்றுதான்.

கம்பெனிக்குக் கூப்பிட்டேன். தமிழ் தெரிந்த ஒரு பெண் எடுத்தார். நான் கத்திய கத்தலுக்கு வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். அந்தப் பெண் வைக்கவில்லை.

"சார், தப்பான விவரம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

"திருத்தறதுக்கு வழி குடுங்கன்னுதாம்மா எழுதுனேன்!"

"புரியுது சார். ஆனா அவகாசம் எல்லாம் தெரியாத வரைக்கும்தான். தெரிஞ்சதுக்கப்புறம் நாங்க விட முடியாதுல்ல? ஆதார் காப்பிய அனுப்புங்க, விதி வந்தப்புறம் நாங்களே கையால மாத்தித் தர்றோம். ஏழு வேலை நாள் ஆகும்."

"அஞ்சு நாள்ல பெருநாளும்மா."

"பெருநாள் லீவு வேலை நாள்ல வராது சார்."

அவர் மேல் தப்பில்லை. யார் மேல் தப்பு என்று தேடினால் எல்லா வழியும் என் கடைக்குத்தான் வந்து சேர்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதை அடுத்தவர் வீட்டுக்கு வைத்திருந்தேன். மதகு திறக்கப் பெயர் சொல்லிப் பழகியவன், என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இங்கேயும் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பெயரைத்தான் முதலில் மூடினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தபோது பசை போகாமல் பாதி அங்கேயே நின்றுவிட்டது.

லாத்தாவிடம் சொல்லவில்லை. ஆதார் காப்பி என்னிடம் ஏற்கெனவே இருந்தது, அனுப்பிவிட்டேன். பெருநாளுக்குள் ஏதாவது நடந்துவிடும் என்று காலையும் மாலையும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு லாத்தாவே கூப்பிட்டார். "மெயிலு எல்லாம் ஓடுதுல்ல தம்பி?" என்று கேட்டார். "ஓடுது லாத்தா" என்றேன். ஒளிவுமறைவு கூடாது என்று அரைப் பக்கம் எழுதிய அதே ஆள்தான்.

பெருநாள் அன்று மூன்று மணிக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் அதுவே பதிலாகியிருக்கும். பிரியாணித் தட்டை வைத்துவிட்டு லாத்தா எதிரே உட்கார்ந்தார். புதுச் சேலை. எப்போதும் சாப்பிட்டு முடித்துத்தான் லேப்டாப்பைத் திறப்பேன். அன்று ஒரு வாய்கூட எடுத்து வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியது, அது வெளியானது, கம்பெனி அதைப் பார்த்து நிறுத்தியது, இரண்டு நாள் முன்பு போனில் சொன்னது பொய் என்பது.

மகள்தான் முதலில் பேசினார். "ஏண்ணே, உம்மா பேர ஏன் எழுதிக் குடுத்தீங்க? ஒங்க பேர எழுத வேண்டியதுதானே?" சரியான கேள்வி. என் கடைக்கும் ஒரு முகவரி இருக்கிறது, அதிலும் தமிழ்நாடுதான். அதைக் காட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் கூட்டங்களில் நான் பேசுகிறவன், காய்ந்துபோன வயல்காரன் இல்லை.

லாத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்புடுங்க தம்பி, ஆறிடும்" என்றார். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இன்னைக்கு எழுதியிருப்பானா?" என்று கேட்டார். தெரியாது லாத்தா என்றேன். நான் அன்று சொன்னதில் அதைவிட உண்மை எதுவுமில்லை. நிறுத்தி வைத்த முகவரிக்கு வரும் மெயில் எங்கேயும் தங்காது. கதவுவரை வந்து தட்டிய சுவடுகூட எங்கள் பக்கம் இருக்காது. அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

பெருநாள் கழிந்து ஆறாம் நாள் முகவரி உயிர் பெற்றது. மாநிலக் கட்டத்தில் முதன்முறையாகப் புதுச்சேரி என்று இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெயிலைத் திறந்தேன். லோன் வேண்டுமா என்று இரண்டு விளம்பரம், வேறொன்றும் இல்லை. வருடத்துக்கு ஒன்றாக வந்த பழைய கப்பல் மெயில்கள் ஏழுக்கும் லாத்தா சார்பில் எழுதினேன். உம்மா நலம், மெயில் கொஞ்ச நாள் வேலை செய்யவில்லை, மறுபடி எழுது. ஆறிலிருந்து பதிலே இல்லை. ஒன்றிலிருந்து மட்டும், அவர் இந்தக் கப்பலை விட்டு இறங்கிவிட்டார், இப்போது எங்கே என்று தெரியாது என்று வந்தது.

பதிவகத்தில் அடுத்த வரைவு வந்திருக்கிறது. கருத்துகளை வரவேற்கிறார்கள். எங்கள் பின்கோடு விவகாரம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மற்றவர்களின் முகவரிகளை ஆதார் காப்பி அனுப்பி ஒவ்வொன்றாக நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாருடைய பெயரையும் எங்கேயும் எழுதவில்லை. கருத்துச் சொல்லும் பக்கத்தைத் திறந்து வைத்து, மூடி, மறுபடி திறந்து பார்ப்பதோடு சரி. அவர்கள் வெளியிட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியிடாமல் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கவும் முடியவில்லை. அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் லாத்தா கடைக்கு வந்தார். மூட்டு வலியோடு சந்துக்குள் நடந்து வந்திருக்கிறார். நாற்காலியை எடுத்துப் போட்டேன். மெயிலைத் திறந்து காட்டினேன், புதிதாக ஒன்றுமில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, ஒன்னு கேக்கணும். அவன் அன்னைக்கு எழுதியிருந்தா, அது திரும்பி அவன்கிட்டயே போயிருக்கும்னீங்கள்ல?"

"ஆமா லாத்தா."

"போவும்போது அதுல ஏதாச்சும் எழுதியிருக்குமா?"

இருக்கும். அன்றைக்கு நான் அனுப்பிய சோதனை வரி திரும்பி வந்தபோது அதோடு வந்த வாசகத்தை நான் அழிக்கவில்லை. அவனுக்குப் போயிருந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் போயிருக்கும். வேண்டாம் லாத்தா என்று சொல்லிப் பார்த்தேன். படிங்க என்றார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: இப்படி ஒரு முகவரி இல்லை, நீங்கள் எழுதிய முகவரி சரிதானா என்று பாருங்கள்.

லாத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை படிக்கச் சொல்லவில்லை.

"ஏழு வருசமா சரியாத்தானே தம்பி எழுதுனான்?" என்றார்.